மெமரிய கழட்டணும்னா செருகும்போதே யோசிக்கணும்: லினக்ஸ் ஹாட்பிளக் டாக்குமெண்ட் எழுதற இழை

ஜனவரி 6, இரவு 9:20 (வாசகர் கேள்வி)

அக்கா, விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அதாவது ஹாட்பிளக்ல, மெமரி சேத்தேன், அது நல்லா வந்துச்சு. இப்ப திரும்ப எடுக்கணும். சிஸ்எஃப்எஸ்-ல (லினக்ஸ் கர்னல் தன் நிலைமைய ஃபைலா காட்டற இடம்) அந்த மெமரி பிளாக்கோட 'ரிமூவபிள்' ஃபைல படிச்சா 1-ன்னு காட்டுது. ஸ்டேட் ஃபைல்ல ஆஃப்லைன்னு எழுதினா மட்டும் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி'ன்னு வருது. 1-ன்னு சொல்லிட்டு ஏன் விட மாட்டேங்குது? என்னைக் கேட்டா டாக்குமெண்டே தப்பு.

ஜனவரி 6, இரவு 11:05

டாக்குமெண்ட் தப்பு இல்ல தம்பி, நீ படிச்ச ஃபைல்தான் பழைய காலத்து ஃபைல். முன்னாடி ஒரு காலத்துல அதுல 1 இருந்தா 'இந்த பிளாக்க அனேகமா எடுத்துடலாம்'னு அர்த்தம். ஆனா நீ படிக்கற நேரத்துக்கும் எடுக்கற நேரத்துக்கும் நடுவுல கர்னல் அங்க எத வேணா கொண்டுவந்து வெச்சிருக்கலாம், அதனால அந்த பதில நம்பவே முடியாது. 2020-ல அத மாத்திட்டாங்க. மெமரிய ஆஃப்லைன் பண்ற வசதி இந்த கர்னல்ல இருக்கா இல்லையான்னு மட்டும்தான் இப்ப அந்த 1 சொல்லுது, உன் பிளாக்க பத்தி ஒண்ணுமே சொல்லல. ஃபைலயே தூக்கிட வேண்டியதுதானேன்னு கேப்ப. எல்எஸ்மெம் மாதிரி டூல் எல்லாம் அத படிச்சு பழகிருச்சு, யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளிய ஓடற ப்ரோக்ராம்கள்) நம்பியிருக்கற ஒண்ண கர்னல்காரங்க உடைக்க மாட்டாங்க, அதான் அப்படியே கிடக்கு.

அடுத்த தடவ 'வேலிட் ஸோன்ஸ்'ங்கற ஃபைல படிச்சுட்டு வா. அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு.

ஜனவரி 7, காலை 7:40

நேத்து அவசரத்துல எழுதினேன், இப்ப முதல்லேர்ந்து சொல்றேன். இந்த விஷயத்துக்கு தமிழ்ல ஒரு டாக்குமெண்ட் எழுதிட்டு இருக்கேன், ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்காக, எந்த இடத்துல தடுக்கி விழறாங்கன்னு இந்த மாதிரி கேள்வி வந்தாதான் எனக்கே தெரியுது.

வார்த்தை நாலு இருக்கு, நாலும் வேற வேற வேலை. ஆட், ஆன்லைன், ஆஃப்லைன், ரிமூவ். ஆட் பண்றதுன்னா இந்த முகவரிலேர்ந்து இந்த முகவரி வரைக்கும் மெமரி இருக்குன்னு கர்னல் தெரிஞ்சுக்கறது, அதுல இருக்கற ஒவ்வொரு பக்கத்துக்கும் (4 கேபி துண்டு) கணக்கு வெச்சுக்கற டேபிள உண்டாக்கறது, சிஸ்எஃப்எஸ்-ல பிளாக்குகள காட்டறது. அவ்வளவுதான். அந்த மெமரிலேர்ந்து இன்னும் யாருக்கும் ஒரு பைட் கூட கிடைக்காது. ஆன்லைன் பண்ணாதான் பக்கங்கள், கேக்கறவங்களுக்கு மெமரிய பங்கு போட்டு கொடுக்கற அலகேட்டர் கைக்கு போகும். எடுக்கும்போது இதே தலைகீழா நடக்கும், முதல்ல ஆஃப்லைன், அதுக்கப்புறம் ரிமூவ். 'மெமரி சேத்தேன், ஃப்ரீ கமாண்ட்ல வரலையே'ன்னு கேக்கறவங்க எல்லாருமே ஆட் முடிஞ்சு ஆன்லைன் ஆகாம நிக்கறவங்கதான்.

எல்லாமே பிளாக் கணக்குதான், ஆன்லைன் ஆஃப்லைன் பண்றது அந்தத் துண்டு துண்டாத்தான். எக்ஸ்86-ல ஒரு பிளாக் 128 எம்பி. மெமரி டைரக்டரிக்குள்ள 'பிளாக் சைஸ் பைட்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கும், அத படிச்சா 8000000-ன்னு வரும். முதல் தடவ இத பாத்தப்ப 80 லட்சம் பைட், அதாவது 8 எம்பி சொச்சம்னு எடுத்துக்கிட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஹெக்ஸ், பதினாறை அடிப்படையா வெச்ச எண். முன்னாடி 0எக்ஸ் இல்லாம வெறுமனே அச்சடிக்கும். 13,42,17,728 பைட், அதாவது 128 எம்பி. என் ஸ்கிரிப்ட் ஒரு ஜிபிக்கு 8 பிளாக் இருக்க வேண்டிய இடத்துல 134 பிளாக்க தேடிச்சு, இல்லாத டைரக்டரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு எரர், திரை முழுக்க ஓடுது, நான் மெஷின்லதான் கோளாறுன்னு நினைச்சு ஒரு மணி நேரம் கர்னல் லாக நோண்டிட்டு இருந்தேன். இதுல இன்னொரு குழப்பம், டைரக்டரி பேர்ல இருக்கற நம்பர் டெசிமல், ஆனா அதே டைரக்டரிக்குள்ள இருக்கற 'ஃபிஸ் இண்டெக்ஸ்' ஃபைல்ல அதே நம்பர் ஹெக்ஸ்ல இருக்கும். என் டாக்குமெண்ட்ல இத தடிச்ச எழுத்துல போட்டிருக்கேன்.

ஜனவரி 7, மதியம் 1:15

ஒரு திருத்தம். 'எக்ஸ்86-ல ஒரு பிளாக் 128 எம்பி'ன்னு காலைல பொத்தாம்பொதுவா சொல்லிட்டேன். 128 எம்பிங்கறது, கர்னல் மெமரிய பிரிக்கற அடிப்படைத் துண்டான செக்‌ஷனோட அளவு. 64 ஜிபிக்கு மேல இருக்கற பெரிய மெஷின்ல கர்னல் பல செக்‌ஷன ஒண்ணு சேத்து ஒரு பிளாக் 2 ஜிபி வரைக்கும் போகும். பவர்பிசில செக்‌ஷன் 16 எம்பிதான். அதனால மனப்பாடமா எந்த நம்பரையும் எழுதாதீங்க, ஃபைல படிச்சு கணக்கு போடுங்க.

ஜனவரி 7, இரவு 10:30 (வாசகர்)

அக்கா, வேலிட் ஸோன்ஸ் ஃபைல்ல 'நார்மல்'னு மட்டும் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.

ஜனவரி 7, இரவு 11:50

அப்ப கதை முடிஞ்சுது தம்பி, உன் பிளாக் நார்மல் ஸோனுக்கு போயிருச்சு. கர்னல் மெமரிய ஸோன்னு பிரிச்சு வெச்சிருக்கும்; நார்மல்ல நகராத பக்கமும் வரும், மூவபிள்ல நகரக்கூடிய பக்கம் மட்டும்தான். அது திரும்ப வரலாம், வராமலும் போகலாம், யாராலயும் உறுதி சொல்ல முடியாது. நீ எடுக்கணும்னு நினைச்ச அன்னைக்கு இது நடக்கல. மெமரிய சேத்து ஆன்லைன் பண்ண அந்த நொடியே முடிவாயிருச்சு.

இத நான் எப்படி கத்துக்கிட்டேன்னு சொல்றேன். முன்னாடி வேலை பாத்த இடத்துல மாசக் கடைசி கணக்கு ஓடறதுக்காக ஒரு விஎம்-க்கு 32 ஜிபி தற்காலிகமா கொடுப்போம், வேலை முடிஞ்சதும் வாங்கி வேற விஎம்-க்கு தரணும், அதுதான் ஏற்பாடு. கொடுத்தாச்சு, கணக்கும் ஓடி முடிஞ்சுது. ராத்திரி ஒண்ணேகால் மணி. 32 ஜிபின்னா 256 பிளாக், ஒவ்வொண்ணுக்கா ஆஃப்லைன்னு எழுதற ஒரு சின்ன லூப் ஓட விட்டேன். முதல்ல ஜோரா போச்சு, ஆஃப்லைன் ஆஃப்லைன்னு வரிசையா வருது, நாப்பது அம்பது பிளாக் தாண்டினதும் ஒரு 'பிசி' எரர், அப்புறம் ரெண்டு ஓகே, திரும்ப ஒரு பிசி. கடைசில எண்ணி பாத்தா 45 பிளாக் வரவே இல்ல. 211 வந்துச்சே, அந்த அளவாவது திருப்பி கொடுத்துடலாம்னு நினைச்சேன். அது ரெண்டு பெரிய டிம்-மா (மெமரி பலகை) சொருகின மெமரி. ஒரு டிம்-முக்குள்ள ஒரே ஒரு பிளாக் மாட்டிக்கிட்டாலும் அந்த டிம் முழுசையும் கழட்ட முடியாது. ரெண்டு டிம்லயும் மாட்டின பிளாக் இருந்துச்சு. ஆக 211 பிளாக் ஆஃப்லைன் ஆகியும் கையில வந்தது பூஜ்யம். உள்ள இருக்கறவனுக்கும் பயன்படல, வெளிய இருக்கறவனுக்கும் கிடைக்கல. திரும்ப எல்லாத்தையும் ஆன்லைன் பண்ணிட்டு, காலைல நாலு மணிக்கு டீம்ல சொல்லிட்டு விஎம்ம ரீபூட் பண்ணோம்.

காரணம் அடுத்த நாள்தான் தெரிஞ்சுது. அந்த மெஷின்ல ஒரு யூடெவ் ரூல் (புதுசா ஒரு டிவைஸ் வந்தா என்ன செய்யணும்னு சொல்ற வரி) இருந்துச்சு, மெமரி பிளாக் புதுசா வந்து ஆஃப்லைன்ல நின்னா உடனே 'ஆன்லைன்'னு எழுதிடும். வெறும் 'ஆன்லைன்'. 'ஆன்லைன் மூவபிள்' இல்ல. யார் எப்ப போட்டதுன்னே தெரியாத ஒரே ஒரு வரி, அது எங்களுக்காக முடிவு எடுத்துருச்சு.

ஜனவரி 8, காலை 6:55

ஏன் சில பக்கம் நகரும் சில பக்கம் நகராதுன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருக்காங்க. கல்யாணப் பந்தல் ஒண்ண பிரிக்கணும்னு வெச்சுக்கோங்க, உக்காந்திருக்கறவங்கள எழுப்பி பக்கத்துப் பந்தல்ல உக்கார வைக்கலாம், கோட்டை அடுப்பு வெட்டி நெருப்பு மூட்டின இடத்த நகத்த முடியாது. மூவபிள் ஸோன்ங்கறது 'இந்தப் பந்தல்ல அடுப்பு வெக்கக் கூடாது'ன்னு முன்னாடியே போடற கட்டளை.

ஜனவரி 8, மதியம் 2:10

காலைல சொன்ன பந்தல் உவமை எனக்கே திருப்தியா இல்ல, முக்கியமான இடம் அதுல விட்டுப்போச்சு. ஏன் நகரலங்கறதுதான் விஷயம், கனம்ங்கறதால இல்ல. ஒரு ப்ரோக்ராமோட பக்கத்த அது பேஜ் டேபிள் (எந்த முகவரி எந்தப் பக்கத்துக்கு போகுதுன்னு காட்டற பட்டியல்) வழியாத்தான் பாக்குது. கர்னல் அந்தப் பக்கத்த வேற இடத்துக்கு காப்பி பண்ணி, பேஜ் டேபிள்ல அந்த ஒரு வரிய மாத்திட்டா போதும், ப்ரோக்ராமுக்கு எதுவும் தெரியாது, அதோட முகவரி அதேதான். ஆனா கர்னல் தனக்குன்னு எடுத்துக்கற மெமரி, ஸ்லாப்ல (கர்னல் தன் சின்னச் சின்ன ஆப்ஜெக்ட வைக்கற இடம்) வர்ற ஆப்ஜெக்ட், பேஜ் டேபிளே கூட, நேரடி மேப்ல நிலையான முகவரில இருக்கு. அந்த முகவரிய எந்தெந்த பாயிண்டர் எங்கெங்க பிடிச்சிட்டு இருக்குன்னு யாருக்கும் கணக்கு கிடையாது. காப்பி பண்ணிடலாம், காப்பி பண்ணோம்னு யாருக்கு சொல்றது? அதனாலதான் நகராது. ஒரு பிளாக்ல இருக்கற 32,768 பக்கத்துல இந்த மாதிரி ஒரே ஒரு பக்கம் இருந்தா போதும், பிளாக் முழுசும் நின்னுரும்.

ஆஃப்லைன் ஆகாதப்ப டிமெசேஜ் கமாண்ட்ல கர்னல் லாக பாருங்க. 'பேஜ் டம்ப்டு பிகாஸ்: அன்மூவபிள் பேஜ்'னு ஒரு வரி வந்தா இந்த நிலைமைதான். 'மைக்ரேஷன் ஃபெயிலியர்'னு வந்தா வேற, அந்தப் பக்கம் நகரக்கூடியதுதான், இப்ப யாரோ பிடிச்சிட்டு இருக்காங்க, கொஞ்சம் பொறுத்து முயற்சி பண்ணா வரலாம். வெளிலேர்ந்து பாத்தா ரெண்டுமே பிளாக் ஆஃப்லைன் ஆகலன்னுதான் தெரியும், இத டாக்குமெண்ட்ல பிரிச்சு சொல்லலைன்னா படிக்கறவங்க பாவம்.

ஜனவரி 8, இரவு 8:45 (வாசகர்)

அக்கா, அப்ப சேக்கறது எல்லாத்தையும் ஆன்லைன் மூவபிள்னே போட்டுட்டா பிரச்சினையே இல்லையே? டாக்குமெண்ட்ல ஒரே வரில 'எப்பவும் மூவபிள் போடு'ன்னு எழுதிடலாமே.

ஜனவரி 8, இரவு 11:30

எழுதிடாத. அந்த ஒரு வரிய நானே ஒரு காலத்துல ஒரு ரன்புக்ல எழுதினவதான், அதால வந்தத சொல்றேன்.

32 ஜிபி கதைக்கப்புறம் நாங்க எல்லாத்துக்கும் ஆட்டோ ஆன்லைன மூவபிளா மாத்தினோம். கர்னல் கமாண்ட்லைன்ல மெம்ஹெச்பி டிஃபால்ட் ஸ்டேட்னு ஒரு பாராமீட்டர் இருக்கு, அதுல போட்டா போதும். ஒரு டேட்டாபேஸ் விஎம், பூட் ஆகும்போது 4 ஜிபி, அப்புறம் தேவைக்கேத்த மாதிரி ஏத்தி ஏத்தி இன்னொரு 60 ஜிபி. எல்லாம் மூவபிள். ஒரு நாள் பகல்ல, நல்ல லோடு நேரத்துல, ஓஓஎம் கில்லர் (மெமரி கிடைக்காதப்ப ப்ராசஸ கொல்ற கர்னல் பகுதி) வந்து டேட்டாபேஸ் ப்ராசஸ கொன்னுருச்சு. ஃப்ரீ கமாண்ட்ல பாத்தா இருபது ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு. நாங்க நாலு பேர் ஒரே திரைய பாத்துக்கிட்டு நிக்கறோம், ஒருத்தருக்கும் புரியல.

கணக்கு போட்டு பாருங்க. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கர்னல் 64 பைட் கணக்கு வெச்சுக்கும். 60 ஜிபிக்கு அது கிட்டத்தட்ட 960 எம்பி. அந்த 960 எம்பியும் எங்கேர்ந்து வரும்? முதல்ல இருந்த 4 ஜிபிலேர்ந்து. டேட்டாபேஸ் 16 ஜிபி ஷேர்டு மெமரி வெச்சிருந்துச்சு, ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி பேஜ் டேபிள். 4 கேபி பக்கத்துக்கு 8 பைட் வீதம் 16 ஜிபிக்கு 32 எம்பி. 90 கனெக்‌ஷன் அந்த ஷேர்டு மெமரி முழுசையும் தொட்டுட்டா 2,880 எம்பி. பேஜ் டேபிள் நகராத மெமரி, மூவபிள் ஸோன்ல வைக்க முடியாது, அதுவும் அந்த 4 ஜிபிக்குள்ளதான். 960-ம் 2,880-ம் கூட்டினா 3,840. மிச்சம் 256 எம்பில கர்னல் கோடு, ஸ்லாப், நெட்வொர்க் பஃபர் எல்லாம் எப்படி குடித்தனம் பண்ணும்? இருபது ஜிபிக்கு மேல சும்மா இருந்தும் கர்னலுக்கு ஒரு பக்கம் கிடைக்கல. வீட்டுல நெல்லு மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கு, உலை வைக்க தண்ணி இல்லாத மாதிரி.

அதனால விகிதம் பாக்கணும். மூவபிள் மூணு பங்கு, கர்னலுக்கு ஒரு பங்கு, இந்த அளவு பொதுவா தாங்கும், வேலையோட தன்மைய பொறுத்து நாலு பங்கு கூட ஓடும்னு கர்னலோட அட்மின் கைடே சொல்லுது. எங்களோடது பதினஞ்சுக்கு ஒண்ணு.

ஜனவரி 9, காலை 7:20

விகிதத்த நீங்களே கணக்கு போட வேண்டாம்னா கர்னல்ல 'ஆட்டோ மூவபிள்'னு ஒரு ஆன்லைன் பாலிசி இருக்கு, வெறும் 'ஆன்லைன்'னு எழுதினா கூட விகிதம் பாத்து எந்த ஸோன்னு அதுவே முடிவு பண்ணும். விகிதத்தோட டிஃபால்ட் 301, அதாவது நூத்துக்கு 301, மூணுக்கு ஒண்ணுதான் சின்ன சலுகையோட. ஆனா இந்த பாலிசி தானா ஆன் ஆகாது, நாமதான் கேக்கணும். கேக்கலைன்னா ஸோன்கள தொடர்ச்சியா வெச்சுக்கற பழைய பாலிசிதான் ஓடும்.

ஜனவரி 9, இரவு 10:15

இன்னைக்கு ஞாயமா நான் டாக்குமெண்ட்ல ரெண்டாவது அத்தியாயம் எழுதியிருக்கணும், எழுதல, முதல் அத்தியாயத்த கிழிச்சு திரும்ப எழுதினேன். ஏன்னு சொல்றேன்.

நான் தமிழ்ல எழுதறதுக்கு மூலமான கர்னலோட ஹாட்பிளக் டாக்குமெண்ட் 2007-ல ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலா ஆரம்பிச்சது. அட்மினுக்கு வேண்டியதும், கர்னல் கோடு எழுதறவங்களுக்கு வேண்டிய நோட்டிஃபையரும் எல்லாம் ஒரே மூட்டைக்குள்ள. 2018-ல அத ஸ்ஃபிங்ஸ்ங்கற டூல்ல ஹெச்டிஎம்எல்-லா வர்ற மாதிரி மாத்தி, அட்மினுக்கு ஒரு ஃபைல், கோடு எழுதறவங்களுக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சாங்க. அப்புறம் 2021-ல டேவிட் ஹில்டன்பிராண்ட் அட்மின் ஃபைல முழுசா திருப்பி எழுதினார், விஎம்-க்கு மெமரி ஏத்தி இறக்கற விர்ச்சியோ-மெம் ட்ரைவர எழுதினவரும் அவர்தான். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சு பாருங்க. பழசு எந்த ஃபைல்ல என்ன எழுதணும்னு சொல்லுச்சு. புதுசு எப்ப நடக்காது, ஏன் நடக்காதுன்னு ஒரு பெரிய பகுதியே ஒதுக்கியிருக்கு. மூவபிள் ஸோன் பத்தி தனியா, விகிதம் பத்தி தனியா. எனக்கு அது ஒரு பாடம். இந்த மாதிரி விஷயத்துல என்ன செய்யலாம்ங்கறத விட எத உறுதியா சொல்ல முடியாதுங்கறதுதான் டாக்குமெண்டோட உயிர்.

ஆனாலும் ஒரு இடத்துல எனக்கு வேற கருத்து இருக்கு. அந்தப் புது டாக்குமெண்டும் சேக்கறதுலேர்ந்துதான் ஆரம்பிக்குது, ஆட், ஆன்லைன், ஆஃப்லைன், ரிமூவ்ங்கற வரிசைல. மெஷின்ல நடக்கற வரிசை அதுதான், சரி. ஆனா படிக்கறவன் முதல் ரெண்ட படிச்சதும் மூடி வெச்சுட்டு போயிடறான், மெமரிதான் வந்துருச்சே! மாட்டிக்கிட்டதும்தான் மூணாவதுக்கு வர்றான், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. அதனால என் தமிழ் டாக்குமெண்ட்ல முதல் வரியே ஒரு கேள்வி: 'இந்த மெமரிய என்னைக்காவது திரும்ப எடுப்பீங்களா?' ஆமான்னா இந்தப் பக்கம், இல்லைன்னா அந்தப் பக்கம். அதுக்கு பதில் சொல்லாம ஆட் கமாண்ட யாருக்கும் காட்டறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஜனவரி 10, காலை 8:05

ஒருத்தர் ஹாட்பிளக்குக்கு 'வெப்பச் செருகல்'னு போடலாமேன்னு கேட்டிருக்கார். வேண்டாங்க. இதுல சூடு எதுவும் இல்ல, மெஷின் ஓடிக்கிட்டு இருக்குங்கறதுதான் பொருள். நான் 'ஓட்டத்துல சேக்கறது', 'ஓட்டத்துல எடுக்கறது'ன்னு ஒரு தடவ விளக்கிட்டு அதுக்கப்புறம் ஹாட்பிளக்னே எழுதறேன், ஏன்னா நாளைக்கு லாக்ல வரப்போறது அந்த வார்த்தைதான். கர்னலோட ட்ரான்ஸ்லேஷன்ஸ் டைரக்டரில சீனம், ஜப்பானியம், கொரியன், இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாம் இருக்கு, தமிழ் இல்ல. அங்க கொண்டு போற அளவுக்கு என்னோடது இன்னும் வரல, ஆனா மனசுல இருக்கு.

ஜனவரி 10, இரவு 11:20

ட்ரைவர் எழுதறவங்களுக்கு. அட்மினா இருக்கறவங்க இத தாண்டி போயிடலாம்.

மெமரி ஆன்லைன், ஆஃப்லைன் ஆகும்போது கர்னல் நோட்டிஃபையர் வழியா சொல்லும். கோயிங் ஆன்லைன், ஆன்லைன், கேன்சல் ஆன்லைன். அதே மாதிரி கோயிங் ஆஃப்லைன், ஆஃப்லைன், கேன்சல் ஆஃப்லைன். கோயிங்னு வர்றப்ப நீங்க நோட்டிஃபை பேட்-ன்னு திருப்பி அனுப்பினா வேலை அங்கயே நின்னுரும். நான் செஞ்ச தப்பு, ஒவ்வொரு பிளாக்குக்கும் வெச்சிருந்த என் டேபிள கோயிங் ஆஃப்லைன்லயே விடுவிச்சுட்டேன். எடுக்கத்தானே போறாங்கன்னு. அப்புறம் பக்கம் நகரல, ஆஃப்லைன் தோத்துப்போச்சு, கேன்சல் ஆஃப்லைன் வந்துச்சு. மெமரி உயிரோட இருக்கு, அதுக்கான என் டேபிள் இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல கர்னல் விழுந்துச்சு. கோயிங்ல தயார் மட்டும்தான் ஆகணும், விடுவிக்கறது ஆஃப்லைன் வந்தப்புறம்.

இன்னொண்ணு, இது இன்னும் நுணுக்கம். உங்களுக்கு முன்னாடி வரிசைல இருக்கற யாரோ பேட்-ன்னு சொல்லிட்டா உங்களுக்கு கோயிங் வராது, ஆனா கேன்சல் வரும். கோயிங் வந்துச்சான்னு ஒரு கொடி வெச்சுக்கிட்டு, வராத ஒண்ணுக்கு கேன்சல் வந்தா ஒண்ணும் செய்யாம விட்டுடணும். விர்ச்சியோ-மெம் ட்ரைவர் கோட படிச்சா இந்த மாதிரி ஒரு சோதனை அதுக்குள்ள இருக்கும், நான் அதுலேர்ந்துதான் கத்துக்கிட்டேன்.

ஜனவரி 11, காலை 9:30

மூவபிள் ஸோன்ல போட்டா எடுக்க முடியும்னு யாராவது நான் சொன்னதா புரிஞ்சிருந்தா திருத்திக்கோங்க. எடுக்க முடியறதுக்கு நல்ல வாய்ப்பு, அவ்வளவுதான், உத்தரவாதம் இல்ல. பக்கத்த நகத்தறதுக்கு இன்னொரு இடத்துல காலி பக்கம் வேணுமே, மெஷின் ஏற்கனவே நிறைஞ்சு வழியுதுன்னா எங்க கொண்டு போய் வைக்கும்? 2 எம்பி ஹியூஜ் பேஜ நகத்தணும்னா அந்தப் பக்கமும் ஒரு முழு 2 எம்பி ஹியூஜ் பேஜ் கிடைக்கணும்.

அதோட, ஆஃப்லைன் கமாண்ட் திரும்பி வராம நின்னா பயப்படாதீங்க. மூவபிள் ஸோன்ல கர்னல் 'எப்படியும் நகரும்'னு நம்பி திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கும், எவ்வளவு நேரம்னு வரம்பு கிடையாது. கன்ட்ரோல்-சி போட்டா விட்டுரும். ஸ்கிரிப்ட்ல டைம்அவுட் கமாண்டோட சேத்து கூப்பிடுங்க, நான் ஒரு பிளாக்குக்கு 30 விநாடி கொடுக்கறேன். 30 எனக்கு சரிப்பட்ட நம்பர், உங்க மெஷினுக்கு நீங்க பாத்துக்கோங்க.

ஜனவரி 11, மாலை 6:40

60 ஜிபிக்கு 960 எம்பின்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு மாத்து வழி இருக்குன்னு சொல்ல விட்டுட்டேன். சேக்கற மெமரியோட கணக்கு டேபிள அந்த மெமரிக்குள்ளயே வெச்சுக்கற வசதி 5.13 கர்னல்ல வந்துச்சு, மெம்மேப் ஆன் மெமரின்னு பேரு. 128 எம்பி பிளாக்ல 2 எம்பி டேபிளுக்கு போயிரும், பாக்கி 126 பயனுக்கு. மெமரி தட்டுப்பாடுன்னுதானே மெமரி சேக்கறோம், அந்த நேரத்துல பழைய மெமரிலேர்ந்து டேபிளுக்கு இடம் கேட்டு அது கிடைக்காம ஆட்-டே தோத்துப்போற கொடுமை இதுல இல்ல. எங்க டேட்டாபேஸ் விஎம்-க்கு இது மட்டும் இருந்திருந்தா அன்னைக்கு தப்பிச்சிருக்குமான்னு யோசிச்சு பாத்தேன். கொஞ்ச நாள் தள்ளிப்போயிருக்கும். பேஜ் டேபிள் 2,880 அப்படியேதானே இருக்கு, இன்னொரு முப்பது கனெக்‌ஷன் வந்திருந்தா திரும்ப அதே இடம். ஷேர்டு மெமரிய ஹியூஜ் பேஜ்ல வெச்சிருந்தாதான் உண்மையான தீர்வு, 16 ஜிபிக்கு 32 எம்பி ஆகற இடத்துல நூறு கேபி கூட ஆகியிருக்காது.

ஜனவரி 12, இரவு 9:10 (வாசகர்)

அக்கா, வீட்டு மெஷின்ல கியூஎமு (விஎம் ஓட்டற சாஃப்ட்வேர்) வெச்சு முதல்லேர்ந்து பண்ணி பாத்தேன். 4 ஜிபில பூட், 4 ஸ்லாட், மேக்ஸ்மெம் 16 ஜிபி. பூட் ஆனதும் மெமரி டைரக்டரில 0 முதல் 23 வரைக்கும் இருக்கு, அப்புறம் நேரா 32-லேர்ந்து 39. நடுவுல 24 முதல் 31 எங்க போச்சு? ஏதாவது கெட்டுப்போச்சா?

ஜனவரி 12, இரவு 9:55

ஒண்ணும் கெட்டுப்போகல. 4 ஜிபி முகவரிக்கு கீழ கடைசி 1 ஜிபி பிசிஐ டிவைஸுங்களுக்காக விட்ட இடம், அங்க மெமரி கிடையாது. உன் 4 ஜிபில 3 ஜிபி கீழ, 24 பிளாக். மிச்ச 1 ஜிபி 4 ஜிபிக்கு மேல, 8 பிளாக், 32-லேர்ந்து தொடங்கும், ஏன்னா 32-ஐ 128-ஆல பெருக்கினா சரியா 4,096 எம்பி. பிளாக் நம்பர்ங்கறது முகவரிதான், வரிசை எண் இல்ல. டாக்குமெண்ட்ல இந்த ஓட்டைய படமா வரையப்போறேன், நல்ல கேள்வி.

இப்ப ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் ஃபைல்ல முதல்ல 'ஆன்லைன் மூவபிள்'னு எழுது, அதுக்கப்புறம் 1 ஜிபி டிம் சேரு. உனக்கு 40 முதல் 47 வரைக்கும் வரணும். உனக்குன்னு யூடெவ் ரூல் ஏதாவது இருக்கான்னும் அதுக்கு முன்னாடியே பாத்துடு.

ஜனவரி 12, இரவு 11:45 (வாசகர்)

வந்துச்சு அக்கா. எட்டு பிளாக்கும் 40-லேர்ந்து 47, வேலிட் ஸோன்ஸ்ல எல்லாத்துலயும் 'மூவபிள்'. உள்ள ஒரு பெரிய ஃபைல படிச்சு கேஷ நிரப்பிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா ஆஃப்லைன் போட்டேன். எட்டும் போயிருச்சு. 43 மட்டும் நாலு விநாடி நின்னு யோசிச்சுது, அப்புறம் போச்சு. கியூஎமு மானிட்டர்ல டிவைஸ் டெல் கொடுத்ததும் எட்டு டைரக்டரியும் மறைஞ்சுருச்சு!

யூடெவ் ரூல் இருந்துச்சு அக்கா. நீங்க சொன்னதாலதான் பாத்தேன். ஆபீஸ் விஎம்-லயும் அதே வரிதான் இருக்கு.

ஜனவரி 13, காலை 7:05

அந்த ஆபீஸ் விஎம்-ல ஏற்கனவே நார்மலுக்கு போன பிளாக்குக்கு இப்ப வழி இல்ல, அடுத்த ரீபூட் வரைக்கும் விட்டுடு. ரீபூட்டுக்கு முன்னாடி அந்த ரூல மாத்து, எல்லா பிளாக்குக்கும் மூவபிள்னு கண்ண மூடிட்டு போடாம, பூட் மெமரி எவ்வளவு, எவ்வளவு ஏத்தப்போறீங்கன்னு உங்க ஆளுங்ககிட்ட கேட்டுட்டு மாத்து. 8 ஜிபி பூட்டுன்னா மேல 24 வரைக்கும் மூவபிள் பரவாயில்ல.

43 ஏன் நாலு விநாடி நின்னுச்சுன்னு டிமெசேஜ்ல ஏதாவது வரி விழுந்திருக்கா பாரு, இருந்தா அப்படியே ஒட்டு. என் டாக்குமெண்ட்ல 'மைக்ரேஷன் ஃபெயிலியர்' பகுதிக்கு நிஜ லாக் ஒண்ணு தேடிட்டு இருக்கேன்.